மேனுவல் ஃபோகஸ்: திரையை விடுங்க, தூரத்தை அளங்க

கையடக்க டிஜிட்டல் கேமராவில் இருக்கிற மேனுவல் ஃபோகஸ் சும்மா ஒப்புக்குச் சப்பாணி, அதை வெச்சு யாராலயும் ஒழுங்கா படம் புடிக்க முடியாதுன்னு ஒரு எண்ணம் பரவலா இருக்கு. பெரிய எஸ்.எல்.ஆர். வெச்சிருக்கிற அண்ணன்மார்கள் இதைக் கேட்டா ஒரு நமட்டுச் சிரிப்பு சிரிப்பாங்க. கையடக்கப் பொட்டி வெச்சிருக்கிறவங்களோ மெனுவுல ஒரு தடவை அதைத் தட்டிப் பாத்துட்டு, திரையில எல்லாமே மங்கலாத் தெரிஞ்சதும் பயந்துபோய் மறுபடி ஆட்டோவுக்கே ஓடிப்போயிடுவாங்க.

என் கட்சி வேற. மேனுவல் ஃபோகஸ் அதிகமா உதவுறதே இந்தச் சின்னப் பொட்டியிலதான். ஆனா அதைக் கத்துக்கிற வழி வேற. எஸ்.எல்.ஆர்.ல செய்யற மாதிரி கண்ணால பாத்துத் திருகித் திருகிக் கூர்மையாக்கறது இங்க நடக்காது. தூரத்தை அளந்து முன்கூட்டியே வெச்சிடணும். அவ்வளவுதான் விஷயம். ஏன், எப்படின்னு விலாவாரியா சொல்றேன்.

ஆட்டோ என்ன பண்ணுது?

மொதல்ல ஆட்டோ ஃபோகஸ் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும். இந்த மாதிரி பொட்டிகள்ல பெரும்பாலும் இருக்கிறது 'கான்ட்ராஸ்ட்' முறை. நீங்க பட்டனைப் பாதி அழுத்தினதும் உள்ள இருக்கிற லென்ஸ் முன்னாடியும் பின்னாடியும் நகரும். ஒவ்வொரு இடத்துலயும் சென்சார்ல விழற பிம்பத்துல வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையில எவ்வளவு வித்தியாசம் இருக்குன்னு கேமரா கணக்குப் பாக்கும். வித்தியாசம் ஏறிக்கிட்டே போய் உச்சத்தைத் தாண்டி இறங்க ஆரம்பிச்சதும், 'ஓ, உச்சம் அங்கதான் இருந்துச்சு'ன்னு திரும்பி வந்து நிக்கும். ஊரைத் தாண்டிப் போய், வழி கேட்டு, திரும்பி வர்ற டிரைவர் மாதிரி.

இதுல ரெண்டு சங்கதி இருக்கு. ஒண்ணு, இப்படிப் போய்ட்டு வர்றதுக்கு நேரம் ஆகும். 2000-கள்ல வந்த பொட்டிகள்ல வெளிச்சம் கம்மியா இருந்தா இந்த நேரம் நல்லாவே உறைக்கும். குழந்தை சிரிச்சு முடிச்சு, மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்கிட்டதுக்கு அப்புறம்தான் 'க்ளிக்' விழும். ரெண்டாவது, கேமராவுக்கு எது முக்கியம்னு தெரியாது. கட்டம் விழற இடத்துல எதுல கோடும் புள்ளியும் பளிச்சுன்னு இருக்கோ அதைப் புடிச்சுக்கும். வண்டலூர்ல கம்பி வலைக்குப் பின்னாடி இருக்கிற குரங்கை எடுக்கப் போனா வலைதான் கூர்மையா வரும். மழையில பஸ் ஜன்னல் வழியா எடுத்தா கண்ணாடியில வழியற தண்ணிதான் வரும். வெறும் வெள்ளைச் சுவர், பனிமூட்டம், மங்கலான மண்டபம், இதுலயெல்லாம் புடிக்கிறதுக்குக் கோடே இல்லாம அலைஞ்சுட்டு கடைசியில எங்கயோ ஒரு இடத்துல நின்னுடும்.

"இதெல்லாம் பெரிய விஷயமா? நாலு எடுத்தா ஒண்ணு நல்லா வந்துடப் போகுது"ன்னு கேப்பீங்க. பெரும்பாலான நேரம் சரிதான். ஆனா எல்லா நேரமும் நாலு எடுக்க முடியாதே.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல அப்பாவுக்கு சதாபிஷேகம் நடந்துது. அப்பாவும் அம்மாவும் மணையில பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்காங்க. பின்னாடி பூச்சரமும் சீரியல் பல்பும். சொந்தக்காரங்க ஆளுக்கொரு சின்ன டிஜிட்டல் பொட்டியோட, கூட்டத்துக்குப் பின்னால நின்னு ஜூம் பண்ணி எடுத்திருக்காங்க. நடுக்கட்டம் ரெண்டு தலைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில விழுந்துடுச்சு. அதனால படத்துக்குப் படம் சீரியல் பல்பு ஒவ்வொண்ணும் எண்ணிப்பாக்கிற மாதிரி தெளிவு. பெரியவங்க ரெண்டு பேர் முகமும் பஞ்சு மாதிரி. அந்த ரெண்டு இஞ்சு திரையில அன்னிக்குப் பாத்தப்போ எல்லாமே நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு. பிரிண்ட் போட்டப்போதான் குட்டு உடைஞ்சுது. அடுத்த வருஷமே அப்பா போய்ட்டார். சட்டம் போட்டு மாட்டறதுக்கு ஒரு நல்ல படம் தேடி, கடைசியில யாரோ எடுத்த குரூப் போட்டோவுலேருந்து வெட்டி எடுத்துப் பெருசு பண்ணினாங்க. புள்ளி புள்ளியா இருக்கும் அது.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்னு சொல்வாங்க. அது நமக்குத் தெரியும், பொட்டிக்குத் தெரியாது. நான் மேனுவல் ஃபோகஸைப் பத்தி இவ்வளவு வம்படியா பேசறதுக்கு இதுதான் காரணம். படத்துல யார் முக்கியம்னு முடிவு பண்றது நம்ம வேலை.

சின்ன சென்சார் தர்ற வரம்

சரி, கையடக்கப் பொட்டியில இது ஏன் சுலபம்? சென்சார் சின்னது. அதனால லென்ஸோட குவிய தூரமும் ரொம்பச் சின்னது. குவிய தூரம் குறையக் குறைய, முன்னாடியும் பின்னாடியும் தெளிவா இருக்கிற பகுதி விரிஞ்சுக்கிட்டே போகும். இதைத்தான் 'டெப்த் ஆஃப் ஃபீல்டு'ன்னு சொல்றாங்க. "பின்னணி மங்கலா வர மாட்டேங்குதே"ன்னு சின்னப் பொட்டிக்காரங்க புலம்பற அதே விஷயம் இங்க நமக்கு லாபமா வருது.

கணக்குப் போட்டே பாத்துடலாம். உதாரணத்துக்கு 2007-ல வந்த கேனன் பவர்ஷாட் ஜி9 எடுத்துக்குவோம். ஜூம் பண்ணாத நிலையில அதோட லென்ஸ் 7.4 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்குல இது 35 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அப்பர்ச்சர் எஃப் 4-ல வெச்சா, ஃபோகஸை சுமார் 2.3 மீட்டர்ல நிறுத்தினா போதும். 1.15 மீட்டர்லேருந்து கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் எல்லாமே சாதாரண அளவு பிரிண்ட்ல தெளிவா இருக்கும். இந்த 2.3 மீட்டருக்கு 'ஹைப்பர்ஃபோகல்' தூரம்னு பேரு. ஃபிலிம் அளவு சென்சார்ல 35 மி.மீ. லென்ஸ் போட்டு எஃப் 2.8-ல இதே வித்தை பண்ணணும்னா ஃபோகஸை 14.6 மீட்டர்ல வைக்கணும். கிட்ட 7.3 மீட்டருக்குள்ள வர்றவங்க எல்லாம் அவுட். ஜி9-ல அதே எஃப் 2.8-ல 3.3 மீட்டர் போதும், 1.6 மீட்டர்லேருந்தே தெளிவு. வித்தியாசம் புரியுதா?

ராத்திரி வீட்டு விசேஷம், வெளிச்சம் கம்மி, எஃப் 2.8-க்குத் திறந்தே ஆகணும்னா? ஃபோகஸை 1.5 மீட்டர்ல வைங்க. 1 மீட்டர்லேருந்து 2.75 மீட்டர் வரைக்கும் தெளிவு. ஒரு சாதாரண ஹால்ல ஆளுங்க நிக்கிற தூரம் இதுக்குள்ளதான் வரும். அதுக்கப்புறம் ஃபோகஸைத் தொடவே வேண்டாம். பட்டனை அழுத்தினதும் படம் விழும்.

கம்ப்யூட்டர் திரையில முழு அளவுக்குப் பெருசாக்கிப் பாத்தா ஓரங்கள்ல இந்தத் தெளிவு கொஞ்சம் குறைவாத்தான் தெரியும். அதுக்காக அப்பர்ச்சரை எஃப் 8-க்குக் கொண்டுபோகாதீங்க. இவ்வளவு சின்ன சென்சார்ல துவாரம் ரொம்பச் சுருங்கினா ஒளி சிதறி, ஃபோகஸ் சரியா இருந்தாலும் படம் மொத்தமா மழுங்கிப் போகும். எஃப் 4, மிஞ்சிப்போனா எஃப் 5.6. அதோட நிறுத்திக்குங்க.

இதுல புதுசா எதுவும் இல்லை. நிறைய வித்த முதல் ஆட்டோ ஃபோகஸ் கேமரா 1977-ல வந்த கோனிகா சி35 ஏ.எஃப். அதுக்கு முன்னாடி எடுத்த படமெல்லாம் கையால திருகினதோ, இல்ல ஃபோகஸே திருக முடியாத டப்பாவுல எடுத்ததோதான். நம்ம வீடுகள்ல ஒரு காலத்துல இருந்த ஆக்ஃபா க்ளிக் 3 ரெண்டாவது ரகம். நியூயார்க் தெருக்கள்ல ராத்திரி ராத்திரியா அலைஞ்சு படம் எடுத்த வீஜி என்கிற ஆர்தர் ஃபெல்லிக், ஃபோகஸை 10 அடியில வெச்சு, எஃப் 16-ல ஃப்ளாஷ் போட்டு எடுக்கிறதையே வழக்கமா வெச்சிருந்தார். தூரம் அவர் கால்ல இருந்துது. டிஜிட்டல்லயும் ரிக்கோ ஜி.ஆர். வரிசைப் பொட்டிகள்ல 'ஸ்னாப் ஃபோகஸ்'னு ஒரு வசதி உண்டு. 1 மீட்டர், 1.5, 2.5, 5 மீட்டர்னு ஒரு தூரத்தை முன்னாடியே சொல்லி வெச்சுட்டா, பட்டனை ஒரே அழுத்தா அழுத்தினதும் தேடாம அந்தத் தூரத்துலயே எடுத்துடும். தெருவுல படம் எடுக்கிறவங்க அந்தப் பொட்டியை விடாம வெச்சிருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

தூரத்தை அளக்கிற வித்தை

அப்போ கத்துக்க வேண்டியது பட்டன் இல்லை, தூரம். இது நம்ம ஆளுங்களுக்குப் புதுசா என்ன? சாண், முழம், பாகம்னு உடம்பையே அளவுகோலா வெச்சு வாழ்ந்தவங்க நாம. பூக்காரம்மா டேப் வெச்சா பூவை அளக்கிறாங்க?

- சாண் சுமார் 22 செ.மீ. ரெண்டு சாண் ஒரு முழம், சுமார் 45 செ.மீ. பூ, பூச்சி, தட்டுல இருக்கிற பலகாரம் எடுக்கிறப்போ இந்த அளவு கைகொடுக்கும்.
- ரெண்டு கையையும் விரிச்சா ஏறக்குறைய உங்க உயரம் வரும். அதுதான் பாகம்.
- உங்க நடை எவ்வளவுன்னு அளந்து வெச்சுக்குங்க. பத்து அடி எடுத்து வெச்சு நடந்து, மொத்த தூரத்தை டேப்பால அளந்து பத்தால வகுங்க. நிறைய பேருக்கு 70 செ.மீ. பக்கத்துல வரும். அப்போ மூணு எட்டு ரெண்டு மீட்டர்.
- வீட்டுக்குள்ள தரை டைல்ஸை எண்ணுங்க. 2 அடி டைல்ஸ்னா அஞ்சு டைல்ஸ் 3 மீட்டர்.

ஒரு வாரம் கேமராவே இல்லாம இதைப் பழகுங்க. பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்போ எதிர்ல இருக்கிற கம்பம் எத்தனை மீட்டர்னு மனசுக்குள்ள ஒரு எண் சொல்லுங்க. அப்புறம் நடந்து பாருங்க. மொதல் ரெண்டு நாள் தாறுமாறா இருக்கும். நாலாவது நாள் 4 மீட்டர் வரைக்கும் கண்ணே அளவு சொல்ல ஆரம்பிச்சுடும். அதுக்கு மேல தெரியலைன்னா கவலையே இல்லை. ஜூம் பண்ணாத வரைக்கும் 4 மீட்டருக்கு மேல எல்லாமே ஒண்ணுதான்.

பொட்டியைப் பழக்கறது

மெனுவுல எம்.எஃப்.னு தேடுங்க. சிலதுல பின்னாடி இருக்கிற அம்புக்குறிப் பட்டன்லயே இருக்கும். அதைத் தொட்டதும் திரை ஓரத்துல ஒரு கோடு வரும். அதுல மீட்டர் எண்கள், கடைசியில எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி முடிவிலிக் குறி. நடுப்பகுதி மட்டும் பெருசாத் தெரியும். அந்தப் பெருசு படுத்தின பிம்பத்தை நம்பி ஃபோகஸ் பண்ணாதீங்க. வெயில்ல ஒண்ணும் தெரியாது, இருட்டுல புள்ளி புள்ளியா நடுங்கும். சோனி ஆர்.எக்ஸ்.100 மாதிரி 2012-க்கு அப்புறம் வந்த சிலதுல கூர்மையான ஓரங்களுக்கு வண்ணம் தீட்டிக் காட்டற 'பீக்கிங்' உண்டு. அது இருந்தா ஒரு துணை, அவ்வளவுதான். கோட்டுல இருக்கிற எண்ணைத்தான் நம்பணும்.

ஆனா அந்த எண்ணையும் ஒரு தடவை சோதிச்சுட்டு நம்பணும். இதுல இருக்கிற ஃபோகஸ் வளையம், சக்கரம் எல்லாம் லென்ஸை நேரடியாத் திருப்பாது. 'கொஞ்சம் நகரு'ன்னு மோட்டாருக்குத் தகவல் சொல்லும், அவ்வளவே. அதனால கோட்டுல 2-ன்னு காட்டினா அது நிஜ 2 தானான்னு பாத்துடணும். சுவர்ல ஒரு செய்தித்தாளை ஒட்டுங்க. டேப்பால அளந்து 1, 2, 3 மீட்டர்ல நின்னு, கோட்டுலயும் அதே எண்ணை வெச்சு, அப்பர்ச்சரை முழுசாத் திறந்து, கொஞ்சம் ஜூம் பண்ணி எடுங்க. எண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு படி நகர்த்தியும் எடுங்க. கம்ப்யூட்டர்ல பாத்தா எந்த இடத்துல எழுத்து கூர்மையா வந்திருக்குன்னு தெரிஞ்சுடும். அதை ஒரு சின்ன ஸ்டிக்கர்ல எழுதி பொட்டிக்கு அடியில ஒட்டி வைங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. வருஷக்கணக்கா உதவும்.

அடுத்தது, எதுக்கு எப்படி வைக்கிறதுங்கிறது.

*ஓடறது, ஆடறது:* ஊஞ்சல்ல ஆடற குழந்தையைத் துரத்தி ஃபோகஸ் பண்ண முடியாது. ஊஞ்சல் முன்னாடி வந்து ஒரு நொடி நிக்கிற இடம் இருக்கு பாருங்க, அந்தத் தூரத்தை வெச்சுட்டுக் காத்திருங்க. தேர் திரும்பற முக்கு, சைக்கிள் பந்தயத்துல கோடு போட்ட இடம், எல்லாத்துக்கும் இதே வைத்தியம்தான். நாம துரத்த வேண்டாம், அது நம்மகிட்ட வரும்.

*வலை, கண்ணாடி:* வலைக்கு முடிஞ்ச அளவு கிட்டப் போங்க. விலங்கு இருக்கிற தூரத்தை உத்தேசமா வெச்சு எடுத்தா வலை கரைஞ்சு போயிடும். காவலர் கோடு போட்டிருந்தா அதைத் தாண்டாதீங்க, படம் முக்கியமில்லை :-)

*அகல் விளக்கு, கொலு:* கார்த்திகை ராத்திரி விளக்கு வரிசையில ஆட்டோ ரொம்பத் தடுமாறும். ஸ்டாண்டோ ஒரு ஸ்டூலோ வெச்சு, முதல் விளக்கிலேருந்து மூணுல ஒரு பங்கு தள்ளி இருக்கிற விளக்கோட தூரத்தை அளந்து வைங்க.

*பூ, பூச்சி:* இங்க மட்டும் முறை தலைகீழ். ஃபோகஸை இருக்கிறதுலயே கிட்டத்துல வெச்சுட்டு அதைத் தொடாதீங்க. உங்க உடம்பை மெதுவா முன்னாடி பின்னாடி அசைங்க. திரையில கண்ணு கூர்மையா வர்ற கணத்துல அழுத்துங்க. தொடர்ச்சியா நாலஞ்சு எடுத்தா ஒண்ணு தேறும்.

ஜூம்னா ஜாக்கிரதை

நான் சொன்ன கணக்கெல்லாம் ஜூம் பண்ணாத நிலைக்குத்தான். அதே ஜி9-ல முழுசா ஜூம் பண்ணினா லென்ஸ் 44.4 மி.மீ., அப்பர்ச்சர் எஃப் 4.8. இப்போ ஹைப்பர்ஃபோகல் தூரம் 68 மீட்டர்! 3 மீட்டர்ல ஒருத்தர் நின்னா மொத்தத் தெளிவே சுமார் 26 செ.மீ. தான், ஒரு சாணை விடக் கொஞ்சம் அதிகம். மூக்குலேருந்து காது வரைக்கும் வரும், அவ்வளவுதான். 1 மீட்டர்ல வெச்சா 3 செ.மீ. கண்ணால உத்தேசமா அளக்கிறது இங்க செல்லாது. சதாபிஷேகப் படங்கள் கோட்டை விட்டதும் இங்கதான்.

அதனால ரெண்டு வழி. முடிஞ்சா ஜூமை விட்டுட்டு நாலு எட்டு முன்னாடி போங்க. முடியலைன்னா, மொதல்ல ஜூம் பண்ணிட்டு, ஆட்டோவுல முகத்தோட ஓரத்துலயோ புடவைக் கரையிலயோ கட்டத்தை வெச்சுப் பாதி அழுத்திப் புடிங்க. அதுக்கப்புறம் ஃபோகஸைப் பூட்டிட்டு, படத்தை ஒழுங்கு பண்ணி எடுங்க. ஃபோகஸ் வெச்சதுக்கு அப்புறம் ஜூமைத் தொட்டா வெச்சது நகந்துடலாம், மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். சில கேனன் பொட்டிகள்ல 'சேஃப்டி எம்.எஃப்.'னு ஒண்ணு உண்டு. நீங்க உத்தேசமா வெச்சதை, பாதி அழுத்தினதும் கேமரா கொஞ்சம் சரி பண்ணிக் கொடுக்கும். ஜூம்ல அது நல்ல துணை. ஆனா ஊஞ்சல் மாதிரி சமாச்சாரத்துக்கு அதை அணைச்சு வைங்க, இல்லைன்னா நாம வெச்ச தூரத்தை அது மாத்திடும்.

உங்க பொட்டியில எம்.எஃப். கிடையவே கிடையாதா? மலைப்படம் போட்ட குறி இருந்தா அது தூரக் காட்சிக்கு. மத்ததுக்கு, நீங்க எடுக்கப் போற தூரத்துலயே இருக்கிற வேற ஏதாவது கோடுள்ள பொருளைப் பாத்துப் பாதி அழுத்திப் புடிச்சுக்கிட்டு, திரும்பி எடுங்க. பழைய கேனன் பவர்ஷாட்னா சி.எச்.டி.கே.ன்னு ஆர்வலர்கள் எழுதின இலவச மென்பொருள் இருக்கு. அட்டையில போட்டு ஓட்டினா தூரத்தை நேரடியா எண்ணாவே கொடுக்கலாம்.

இந்தக் காலத்துல இது எதுக்கு?

நியாயமான கேள்வி. இப்போ ஃபோனே முகத்தைக் கண்டுபிடிக்குது, கண்ணைக்கூடக் கண்டுபிடிக்குது. பட்டப்பகல்ல, ஆள் அசையாம நிக்கிறப்போ ஆட்டோவே போதும். நானும் அப்போ ஆட்டோவுலதான் எடுக்கிறேன். எல்லாத்தையும் கையால பண்ணினாத்தான் கலைன்னு பேசறவங்க கூட்டத்துல நான் இல்லை.

ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. 2000-கள்ல வந்த அந்தச் சின்னப் பொட்டிகளைக் கொஞ்ச வருஷமா இளசுகள் தேடித் தேடி வாங்குது. பீரோவுல தூங்கின அப்பாவோட கேமராவை எடுத்து, பேட்டரி தேடி, கல்லூரி விழாவுக்குக் கொண்டுபோறாங்க. அந்த நிறம் புடிச்சிருக்காம். ரொம்ப சந்தோஷம். ஆனா நிறத்தோட அந்தக் காலத்து மந்தமான ஆட்டோ ஃபோகஸும் கூடவே வருது. இருட்டு ஹால்ல அது தேடிக்கிட்டு நிக்கிறப்போ "இது ஓட்டை கேமரா"ன்னு தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, 1.5 மீட்டர்ல வெச்சு எடுத்துப் பாருங்க. பொட்டிக்கே புத்துயிர் வந்த மாதிரி இருக்கும். செலவு காலணா கிடையாது.

ஃபோன்லயும் ப்ரோ மோடுக்குள்ள போனா பூவுலேருந்து மலை வரைக்கும் ஒரு சறுக்குக்கோடு நிறைய மாடல்ல இருக்கு. எண் போட்டிருக்காது. செய்தித்தாள் சோதனையை அதுலயும் பண்ணி உங்க அளவைக் கண்டுபிடிச்சுக்கலாம்.

பண்டிகை, விசேஷம்னு ஏதாவது வரும்போது போய்க் கத்துக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. அன்னிக்குக் கை பதறும். இன்னிக்கு சாயங்காலம் வீட்டுல அம்மா பூ கட்டிக்கிட்டோ, தாத்தா பேப்பர் படிச்சுக்கிட்டோ இருப்பாங்க. மூணு எட்டு தள்ளி நில்லுங்க. 2 மீட்டர், எஃப் 4. கேமராவை மூஞ்சிக்கு நேரா தூக்கி ஃபோகஸுக்காகக் காத்திருக்க வேண்டாம், "கொஞ்சம் இங்க பாருங்க"ன்னு தொந்தரவு பண்ண வேண்டாம். அவங்க நிமிந்து பாக்கிறப்போ ஒரே அழுத்து.

பி.கு: 2 மீட்டர், எஃப் 4-ல ஜி9 மாதிரி பொட்டிக்குத் தெளிவு 1.1 மீட்டர்லேருந்து 16 மீட்டர் வரைக்கும். வாசல்ல நிக்கிற பால்காரர் வரைக்கும் வந்துடுவார் :-)